பாதியில் நிற்கும் வேட்டை

உங்கள் தெருவில் ஆடு மேய்கிறதா? ஒரே ஒரு ஆடு கிடைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் என் பெயரைச் சொல்லி என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

ஆட்டை நோக்கி மெதுவாக நடந்து போங்கள். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கொஞ்ச தூரம் வரை அது உங்களைச் சட்டை செய்யாமல் மென்றுகொண்டே இருக்கும். ஏதோ ஓர் அடியில் தலையைத் தூக்கும். அடுத்த அடியில் நகரும். உடனே நீங்கள் ஓரடி பின்னால் வாங்கினால் அதுவும் நின்றுவிடும். ஆட்டைச் சுற்றி நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அந்தக் கோட்டை மிதித்தால் ஆடு நகரும், காலை எடுத்தால் நிற்கும்.

இன்னொன்றும் பாருங்கள். அதன் தோளுக்குப் பின்பக்கமாக நெருங்கினால் ஆடு முன்னால் நடக்கும். தோளுக்கு முன்பக்கமாக வந்து நெருங்கினால் திரும்பிக்கொள்ளும். ஆட்டின் ஸ்டீயரிங் அதன் தோளில்தான் இருக்கிறது.

கோட்டை மிதிப்பது, காலை எடுப்பது, தோளுக்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்று பார்ப்பது. மேய்ப்பு நாய் செய்கிற வேலை மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் அதை நாற்பது ஆடுகளிடம், எஜமானரைவிட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில், மழையில், ஓர் ஆட்டின் மேல்கூடப் பல் படாமல் செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல ஒரு நாய் உண்டு. பார்டர் கோலி. (கோலிக்குண்டும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை.) இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் உள்ள எல்லைப்புற மலைகளில் உருவான நாய் என்பதால் ‘பார்டர்’. நம் தெருநாயைவிட ரொம்பப் பெரியதெல்லாம் இல்லை. 15 முதல் 20 கிலோ இருக்கும். பெரும்பாலும் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து.

நம் ஊரில் ஆடு மேய்த்துக் கிடை போடுகிற கீதாரிகளிடமும் நாய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது காவல் நாய். ராத்திரியில் நரி வந்தால் குரைக்கும், திருடன் வந்தால் பாயும். மந்தையை ஓட்டுவது கீதாரியின் குரலும் கம்பும்தான். காவல் நாய் ஆட்டுக்கு நண்பன். மேய்ப்பு நாயை ஆடுகள் எதிரியாகத்தான் பார்க்கின்றன. அப்படிப் பார்த்தால்தான் வேலையே நடக்கும். அது ஏன் என்பதில்தான் இந்தக் கதையின் அறிவியல் இருக்கிறது.

முதலில் ஆட்டின் பக்கம் நின்று பார்ப்போம். செம்மறிக்குக் கொம்பு இருந்தாலும் ஓநாயோடு சண்டை போட முடியாது. அதற்கு இருப்பது இரண்டு உபாயங்கள். ஒன்று, கண். பக்கவாட்டில் அமைந்த கண்ணும் படுக்கைவசமான கண்மணியும் சேர்ந்து, தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டத்துக்கும் மேல் பார்க்கும். இரண்டாவது, கூட்டம். ஆபத்து வந்தால் ஒவ்வோர் ஆடும் கூட்டத்தின் நடுவுக்குள் நுழையப் பார்க்கும். விளிம்பில் நிற்கிறவன்தானே முதலில் மாட்டுவான்? ‘எனக்கும் ஓநாய்க்கும் நடுவில் இன்னொருத்தன் இருந்தால் சரி’ என்கிற கணக்கு. இதை 1971-ல் ஹாமில்டன் என்ற இங்கிலாந்து உயிரியலாளர் எழுதினார். ‘சுயநல மந்தை’ என்றே அதற்குப் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஆடுகள் ஒற்றுமையாக நிற்பதுபோல இருக்கும். உள்ளே நடப்பது தள்ளுமுள்ளு.

அது உண்மைதானா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 46 ஆடுகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டார்கள். ஓட்டுகிற கெல்பி நாயின் முதுகிலும் ஒன்று. (கெல்பி என்பது ஆஸ்திரேலிய மேய்ப்பு நாய்.) நாய் நெருங்க நெருங்க, ஒவ்வோர் ஆடும் மந்தையின் மையத்தை நோக்கியே ஓடியது பதிவானது. நாற்பத்தாறு பேரும் நடுவுக்கு ஓடினால் என்ன ஆகும்? சிதறிக் கிடந்த மந்தை ஒரே உருண்டையாகிவிடும். நாய்க்கு வேண்டியதும் அதுதான். நாய் ஆடுகளைச் சேர்ப்பதில்லை. நாய் பயத்தைக் காட்டுகிறது, ஆடுகள் தாமாகச் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது நாயின் பக்கம் வருவோம். நாயின் மூதாதை ஓநாய். ஓநாய் வேட்டையாடுவதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு சங்கிலி கிடைக்கும். இரையைக் கவனிக்கும். உற்றுப் பார்க்கும். தலையைத் தாழ்த்திப் பதுங்கிப் போகும். துரத்தும். கவ்வும். கொல்லும். தின்னும். ஒரு படி முடிந்தால் அடுத்த படி தானாக வரும்.

பார்டர் கோலியில் இந்தச் சங்கிலியின் முன்பாதி மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது மூன்றும் ஓநாயைவிடக் கூடுதலாகவே இருக்கும். கவ்வுவதும் கொல்வதும் அடங்கிப் போயிருக்கும். வேட்டை தொடங்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நாயைக் கேட்டால் ‘நான் வேட்டையாடுகிறேன்’ என்றுதான் சொல்லும். ஆடுகளும் ‘ஆமாம், எங்களை வேட்டையாடுகிறது’ என்று சொல்லும். மேய்ப்பருக்கு மட்டும்தான் அது மேய்ப்பு.

இந்த நாய்க்காரர்கள் தங்களுக்குள் ‘இதற்குக் கண் பலமா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். நம்மூர்ப் பாட்டி ‘கண் வைக்காதே’ என்று திட்டுவாரே, இவர்கள் கண் வைக்கிற நாயைத்தான் தேடிப் போவார்கள். ஆடாமல் அசையாமல், ஒரு முன்காலைத் தூக்கியபடி, கண் இமைக்காமல் ஆட்டைப் பார்ப்பதற்குத்தான் ‘கண்’ என்று பெயர். கண் குறைந்தால் ஆடு மதிக்காது. அளவுக்கு மீறினால் இன்னொரு வம்பு: நாய் பார்த்துக்கொண்டே சிலையாக நின்றுவிடும். முதன்முதலில் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தபோது நாய் கடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். கடிக்கவே இல்லை.

அடக்கம் எப்படி வந்தது? கொஞ்சம் பிறப்பில், கொஞ்சம் வளர்ப்பில். பிறப்பிலிருந்து தொடங்குவோம்.

1893-ல் இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், ஆடம் டெல்ஃபர் என்பவர் இரண்டு நாய்களை இணை சேர்த்தார். தகப்பன் ராய், சாதுவானது, ஆனால் ஆட்டை உற்றுப் பார்க்கிற குணம் போதாது. தாய் மெக், கூச்ச சுபாவம், ஆனால் ஆட்டைக் கண்டால் மெய்மறந்து நின்றுவிடுகிற அளவுக்குக் கண் பலம். ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் கூடுதல். பிறந்த குட்டிகளில் ஒன்று ஹெம்ப். குரைக்காது, பாயாது, விரட்டாது. மௌனமாக வந்து நிற்கும், ஆடுகள் நகரும். சுற்றுவட்டாரத்து மேய்ப்பர்கள் எல்லாரும் தங்கள் பெட்டை நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1901-ல் சாகும்போது ஹெம்புக்கு 200 குட்டிகளுக்கு மேல். இன்றைக்கு உலகத்தில் உள்ள பார்டர் கோலிகளின் வம்ச ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் ஹெம்பிடம்தான் போய் நிற்கும்.

நல்ல கதை. ஆனால் இதே கதையில் ஒரு முள்ளும் இருக்கிறது.

அது என்ன என்று பார்க்கப் புளியங்கொட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்ப்போமே, அதுபோல வெள்ளை தெரியும்வரை தரையில் தேயுங்கள். இப்போது ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. ஒரு கொட்டை அப்பா நாய், இன்னொன்று அம்மா நாய்.

பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒவ்வொரு நாயிடமும் இரண்டு பிரதிகள் இருக்கும். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று போகும். எந்தப் பிரதி போகும் என்பது தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி. பார்டர் கோலியிடமும் அதன் உறவுக்கார நாய்களிடமும் ஒரு கண் நோய் உண்டு. விழித்திரைக்குப் பின்னால், கண்ணுக்கு ரத்தம் தருகிற படலம் சரியாக வளராமல் போவது. பல குட்டிகளுக்கு லேசாக இருக்கும், சிலவற்றுக்குப் பார்வையே போய்விடும். கெட்ட பிரதி ஒன்று மட்டும் இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, நன்றாக ஓடும், பரிசு வாங்கும். இரண்டும் கெட்டதாக அமைந்தால்தான் நோய்.

கறுப்புப் பக்கம் நல்ல பிரதி, வெள்ளைப் பக்கம் கெட்ட பிரதி என்று வைத்துக்கொண்டு கொட்டைகளைச் சேர்த்து உருட்டுங்கள். இரண்டும் வெள்ளையாக விழுந்தால் அந்தக் குட்டிக்குக் கண் நோய். நாற்பது தடவை உருட்டிக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஏறக்குறைய பத்து தடவை வரும். நாலில் ஒன்று. (சரியாகத் தேய்க்காத கொட்டை ஒரே பக்கமாக விழுந்து ஏமாற்றும். அப்போது நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு ஈற்றில் நாலு குட்டி பிறந்தால் ஒன்றுக்குக் கட்டாயம் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாலு குட்டியும் தப்பிக்கலாம், மூன்று மாட்டலாம். ஒவ்வொரு குட்டிக்கும் கொட்டை புதிதாக உருட்டப்படுகிறது.

அப்பா அம்மா இரண்டையும் வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2007-ல் இந்த நோய்க்குக் காரணமான மரபணுக் குறையைக் கண்டறிந்தார்கள். இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வந்துவிடும். பதில் ‘ஒரு கெட்ட பிரதி உண்டு’ என்று வந்தால் அந்த நாயை ஒதுக்கிவிட வேண்டுமா? தேவையில்லை. ஒரு கொட்டையைத் தேய்க்காமல் இரண்டு பக்கமும் கறுப்பாக வைத்துக்கொண்டு உருட்டிப் பாருங்கள். இரண்டு வெள்ளை விழவே விழாது. ஒரு கெட்ட பிரதி உள்ள நல்ல நாயை, கெட்ட பிரதியே இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. ஒதுக்கித் தள்ளினால் அதன் நல்ல குணங்களும் சேர்ந்து போய்விடும்.

போய்விட்டால் என்ன, வேறு நாய் இல்லையா என்பார்கள். அங்கேதான் முள். 1965-ல் விஸ்டன் கேப் என்ற நாய் பிரிட்டனின் பெரிய மேய்ப்பு நாய்ப் போட்டியில் ஜெயித்தது. அழகு, அறிவு, பணிவு எல்லாம் சேர்ந்த நாய். சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் 1906-லிருந்து இருக்கிறது, அதன் சின்னத்தில் இருக்கும் நாயும் இதுதான். ஊரில் இருந்த எல்லாருக்கும் அதன் குட்டி வேண்டும் என்று ஆசை. வந்தார்கள், இணை சேர்த்தார்கள். பேரனும் பேத்தியும் பெருகினார்கள். இன்றைக்கு இரண்டு பார்டர் கோலியை எடுத்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் எங்கோ அது தாத்தாவுக்குத் தாத்தாவாக இருக்கும். பெரிய நாய் தன் நல்லதை மட்டும் குட்டிகளுக்குக் கொடுப்பதில்லை. அதனிடம் எங்கேயாவது ஒரு வெள்ளைப் பக்கம் ஒளிந்திருந்தால் அதுவும் ஊரெல்லாம் பரவும். பிறகு எந்த இரண்டு கொட்டையைச் சேர்த்து உருட்டினாலும் வெள்ளை விழ வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். பரிசு வாங்கிய நாயின் வாசலில் வரிசையில் நிற்காமல், பக்கத்து ஊரில் பேர் தெரியாமல் நன்றாக வேலை செய்கிற நாயைத் தேடிப் போகிறவர்தான் கெட்டிக்காரர் என்பேன்.

நிறத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. மார்பிள் தரைபோலத் திட்டுத் திட்டாக நீலச் சாம்பல் நிறம் கொண்ட நாய்கள் இருக்கின்றன, மெர்ல் என்பார்கள். பார்க்க அத்தனை அழகு. இரண்டு மெர்ல்களைச் சேர்த்தால்? கொட்டையை உருட்டுங்கள். நாலில் ஒரு குட்டிக்கு அந்த நிற மரபணு இரண்டு பங்காகக் கிடைக்கும். அப்படிப்பட்ட குட்டி பெரும்பாலும் வெளுத்துப் பிறக்கும், காது கேளாமலோ கண் தெரியாமலோ போகிற ஆபத்து அதிகம். நிறத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பண்ணை இல்லாத குடும்பங்கள்கூட நாயை வைத்து ஆடு ஓட்டுவதைப் பொழுதுபோக்காகச் செய்கின்றன. வாரநாளில் அலுவலகம், பள்ளிக்கூடம். சனி ஞாயிறு ஒரு வயல், ஆறு ஆடு, ஒரு நாய். ஆடு வளர்க்க இடம் இல்லாதவர்கள் வாத்து வளர்ப்பார்கள். அதற்கென்றே பிரியமான வாத்து இனம் இந்தியன் ரன்னர். பாட்டிலை நிமிர்த்தி வைத்ததுபோல நின்றபடி கூட்டமாக ஓடும். பெயரில்தான் இந்தியன், சொந்த ஊர் இந்தோனேசியத் தீவுகள்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு பெட்டை நாய் இருக்கிறது, நல்ல நாய், குட்டி போடவைக்கலாமா என்று பேச்சு வருகிறது என்று வையுங்கள். பொறுப்பான வீட்டில் முதல் கேள்வி ‘எந்த ஆண் நாய்?’ என்பது இல்லை. ‘பிறக்கிற குட்டிகள் எங்கே போகும்?’ என்பதுதான். ஆறு குட்டி பிறந்தால் ஆறு வீடு வேண்டும். வீடு தயாரான பிறகுதான் மற்றதெல்லாம். நாய்க்கு ஒரு வயது முடிந்ததும் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்கலாம். பந்து சரியாகக் கிண்ணத்தில் பொருந்தாத இடுப்பு என்றால் அந்த நாயைக் குட்டி போடவைக்க மாட்டார்கள். மரபணுச் சோதனை முடிய வேண்டும். அதைவிட முக்கியம், அது ஆட்டோடு வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். குணம் எக்ஸ்ரேயில் தெரியாதே.

சினை 63 நாள். குட்டி பிறந்தவுடன் கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும். முதல் இரண்டு வாரம் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது. அம்மாவின் வயிறும், கதகதப்பான பெட்டியும்தான் உலகம். வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது ஒரே வேலை, தினமும் சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்து நோட்டில் எழுதுவது. எடை ஏறாத குட்டி முதலில் தராசில்தான் மாட்டும். பிறகுதான் கண்ணுக்கு நோஞ்சானாகத் தெரியும். பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும்.

அதன் பிறகு வருவதுதான் பிள்ளைகள் காத்திருந்த காலம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்த நாட்களில் பார்த்துப் பழகியதெல்லாம் அதற்குச் சாதாரணம். மனிதக் கை, குக்கர் விசில், குடை விரிகிற சத்தம், தாடிக்காரர், குழந்தை அழுகை. அந்தக் கதவு சாத்திய பிறகு முதன்முதலில் பார்ப்பதெல்லாம் பூச்சாண்டி. அதனால் குட்டி இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள்: இன்றைக்குப் புல்தரை, நாளைக்கு மழை ஈரம், நாளை மறுநாள் கார் சவாரி. அதற்கும் அளவு உண்டு. குட்டி தூங்கினால் எழுப்பக் கூடாது. தினமும் பாதிக்கு மேல் தூக்கம்தான் அதன் வேலை.

ஆறேழு வாரத்தில் கண் மருத்துவர் விழியைச் சோதிப்பார். எட்டு வாரம் ஆகும் முன் அம்மாவைவிட்டுப் பிரிக்கக் கூடாது. தன் கூடப்பிறந்தவர்களோடு உருண்டு புரண்டு, ‘கடித்தால் அவன் கத்துகிறான், விளையாட வரமாட்டேன் என்கிறான்’ என்று கற்றுக்கொள்வது அப்போதுதான். பல்லை அடக்குகிற முதல் பள்ளிக்கூடம் அதுதான். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைக் கடையிலோ தரகரிடமோ விற்க முடியாது. வளர்த்தவரிடமே போய், குட்டி தாயோடு இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கூண்டிலேயே ஈற்றுக்கு மேல் ஈற்றாகப் பெற்றுத் தேய்ந்துபோன லூசி என்ற நாயின் பெயரில் வந்த சட்டம் அது. தாயைக் காட்டத் தயங்குகிறவரிடம் எந்த நாட்டிலும் குட்டி வாங்க வேண்டாம்.

சரி, ஒரு குட்டியை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். ஆடு ஓட்டப் பழக்குவது எப்போது? அவசரமே கூடாது. செம்மறியைவிட வேகமாக ஓடத் தெரியாத குட்டியை ஆட்டின் முன் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆடு முட்டி அது பயந்துபோகும், அல்லது ஆட்டின் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகப் பழகிவிடும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை காத்திருப்பார்கள். அதுவரை கூப்பிட்டால் வருவது, ‘படு’ என்றால் படுப்பது. இரண்டே பாடம்.

பிறகு ஒரு நாள் வட்டமான பட்டிக்குள் ஐந்தாறு நிதானமான ஆடுகளோடு விடுவார்கள். தரையில் ஒரு பெரிய கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடுகள். ஆறு மணியில் பழக்குகிறவர் நிற்கிறார். நல்ல குட்டி, யாரும் சொல்லாமலே, பன்னிரண்டு மணிக்கு ஓடும். அவர் மூன்றுக்கு நகர்ந்தால் அது ஒன்பதுக்கு நகரும். ஆடுகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, அவரை நோக்கித் தள்ளிக்கொண்டு வருவதில் அதற்கு ஒரு திருப்தி. ஓநாய்க் கூட்டத்தில் ஒருவர் இந்தப் பக்கம் நின்றால் இன்னொருவர் எதிர்ப்பக்கம் போய் இரையை மடக்குவதன் மிச்சம் இது என்பார்கள். மனிதர் செய்கிற தந்திரம், தான் நகர்வது மட்டும்தான். நாய் வலப்புறம் ஓடும்போது ஒரு சொல், இடப்புறம் ஓடும்போது ஒரு சொல் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் சுற்றுகிற திசைக்கு ‘கம் பை’, எதிர்த்திசைக்கு ‘அவே’. தூரத்துக்குக் குரல் எட்டாது, ஆகவே பின்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில் ஒலி.

பிஸ்கட் கொடுப்பார்களா? இல்லை. அங்கே ஆடுதான் பிஸ்கட். ஒழுங்காகப் போனால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடுகள் உனக்கு. உரோமத்தைப் பிடித்து இழுத்தாயா, வா இந்தப் பக்கம், படு, விளையாட்டு நின்றது. அடிக்கிறவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். அடிபட்ட நாய் மனிதரைப் பார்த்துக்கொண்டே ஓடும். அதன் கண் ஆட்டின் மேல் இருக்காது. கண் போய்விட்டால் நாயிடம் மீதி என்ன இருக்கிறது?

பத்து நிமிஷம் போதும். நாய் இன்னும் வேண்டும் என்றுதான் நிற்கும், நாயைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. ஆடுகள் மூச்சு வாங்கினால் பாடம் முடிந்தது. சினை ஆடுகளை இதற்குப் பயன்படுத்த மாட்டார்கள், வெயில் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். நம் பொழுதுபோக்குக்காக ஆடு பயப்படுகிறது என்பதை மறந்தவர் இதில் இறங்கவே வேண்டாம்.

இதிலிருந்து கணினிக்காரர்களும் பாடம் படித்திருக்கிறார்கள். 2014-ல் ஸ்வீடன், பிரிட்டன் ஆய்வாளர்கள் நாயின் ஓட்டத்தை இரண்டே விதிகளாகச் சுருக்கிக் காட்டினார்கள். மந்தை சிதறியிருந்தால் தூரத்தில் நிற்கிற ஆட்டைக் கூட்டத்தோடு சேர். சேர்ந்திருந்தால் பின்னால் நின்று தள்ளு. இந்த இரண்டை மட்டும் சொல்லிக் கணினித் திரையில் ஒரு நாயை விட்டால், நிஜ நாயைப் போலவே மந்தைக்குப் பின்னால் இடமும் வலமும் ஆடி ஆடிப் போகிறது. கூட்டத்தைப் பாதுகாப்பாக வெளியேற்ற, கடலில் சிந்திய எண்ணெயைத் திரட்ட என்று ரோபோக்களுக்கு இதே விதி உதவலாம் என்கிறார்கள்.

போட்டி என்று ஒன்று முதலில் எழுதிவைக்கப்பட்டது 1873 அக்டோபர் 9-ஆம் தேதி, வேல்ஸில் பாலா என்ற சிற்றூரில். உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் நடத்தினார். வேல்ஸ்காரர்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்க்க, பரிசை அள்ளிக்கொண்டு போனது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ட்வீட் என்ற நாய். அந்த ஊர்க்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! இன்றைய போட்டியில் நாய் எல்லா மதிப்பெண்ணோடும் தொடங்குகிறது, தப்புக்குத் தப்பு குறைப்பார்கள். முதலில் பேரிக்காயின் வெளிக்கோடுபோல வளைந்து ஓடி ஆடுகளின் பின்னால் போக வேண்டும். நேராக ஓடினால் ஆடு மலையேறிவிடும். பிறகு ஆடுகள் நாயை முதன்முதலில் உணர்ந்து நகர்கிற அந்தச் சில விநாடிகள். அதற்கு மட்டுமே பத்து மதிப்பெண். அலறி ஓடினால் போச்சு, நடந்து புறப்பட்டால் நாய் கெட்டிக்காரி. கடைசியில் படலைத் திறந்து பட்டிக்குள் அடைப்பது. 1976-ல் பிபிசி இதைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியபோது, சும்மா ஆடு நடப்பதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். எண்பதுகளில் எண்பது லட்சம் பேர் பார்த்தார்கள். சிறுவர் சிறுமியருக்கும் அதில் தனிப் பிரிவு இருந்தது.

இதைப் படித்துவிட்டு ‘அப்பா, எனக்கொரு பார்டர் கோலி’ என்று யாரும் அடம் பிடிக்க வேண்டாம். பாதி வேட்டை அதன் ரத்தத்தில் ஓடுகிறது. ஆடு கிடைக்காவிட்டால் மாடிப்படியில் இறங்குகிற தம்பியை மடக்கும், சைக்கிள் சக்கரத்தைத் துரத்தும், சுவரில் விழும் நிழலை நாள் முழுக்க உற்றுப் பார்க்கும். மூடிய வீட்டில், வெயில் ஊரில், அது நாய்க்கும் தண்டனை, வீட்டுக்கும் தண்டனை. வேலை கொடுக்க முடிந்தால் அதன் மூளை எங்கே போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருந்தது. ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேஸர் என்ற பெட்டைக்கு, தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். பெயர் சொன்னால் அதை மட்டும் எடுத்து வரும். சேஸர் சொற்களை மேய்த்தது.

மறுபடி அந்தக் குட்டிகளிடம் வருகிறேன். ஏழாவது வாரம். வீட்டுப் பிள்ளைகள் பெட்டியைத் தோட்டத்தில் திறந்துவிடுகிறார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வாத்துகள் வரிசையாக நடக்கின்றன. மூன்று குட்டிகள் செருப்பைக் கடிக்கின்றன. ஒன்று தன் வாலைத் துரத்துகிறது. ஒன்று தூங்கிவிட்டது. ஆறாவது குட்டி நின்றுவிட்டது. தலை மெல்லத் தாழ்கிறது. வலது முன்கால் தரையிலிருந்து எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. அம்மா இங்கே இல்லை, வாத்தை இதற்கு முன் பார்த்ததும் இல்லை. வலைக்கு அப்பால் வாத்துகள் நடையை நிறுத்தி, கழுத்தை நீட்டி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்கின்றன.